வெள்ள மருத்துவ முகாம்: தன்னார்வலர் குழுவை எப்படிப் பிரிப்பது?

#1 பொருநைக்கரை

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததும், ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் இறங்குவதற்கு 14 பேர் தயாராக இருக்கிறார்கள். மருத்துவர் 4, செவிலியர் 3, மருந்தாளுநர் 1, மருத்துவம் சாராதவர்கள் 6 (ஓட்டுநர் இருவர் இதில் அடக்கம்). ஒரு நாளைக்கு 200 பேரைப் பார்ப்பதாகத் திட்டம். யாரை எங்கே நிறுத்துவது, என்ன கொண்டுபோவது, எந்த இடத்தில் இடறும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள். "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" வேண்டாம், குறைகளைச் சொல்லுங்கள்.

#2 மாத்திரைப்பெட்டி

எடுத்த எடுப்பிலேயே ஒரு குறை. நான்கு மருத்துவருக்கு ஒரே மருந்தாளுநர் என்பது ஓடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் என்றால் ஒரு மருத்துவர் மணிக்கு 12 பேரைப் பார்ப்பார், நால்வரும் சேர்ந்து 48. சீட்டைப் படித்து, மருந்தை எடுத்து, உறையில் எழுதி, எப்போது சாப்பிட வேண்டும் என்று புரிகிற மாதிரிச் சொல்ல குறைந்தது இரண்டரை நிமிடம் ஆகும். அதாவது மருந்து மேசையில் மணிக்கு 24 பேர். நான்கு மணி நேரம் கழிந்தபோது மருத்துவர்கள் 192 பேரைப் பார்த்திருப்பார்கள், மருந்து வாங்கியவர்கள் 96. மீதி 96 பேர் ஈரத் துணியோடு வரிசையில். இதற்கப்புறம்தான் தவறுகள் வரும். உறையில் எழுதாமல் "காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்று வாயால் சொல்லிக் கொடுப்பார்கள், இரத்த அழுத்த மாத்திரைகளில் ஆம்லோடிபின் அட்டையும் அடினோலால் அட்டையும் இடம் மாறும், பெரியவர் பெயர்ச் சீட்டுக்கு அவர் தம்பியின் மாத்திரை போகும்.

செய்ய வேண்டியது:

மூன்று மருத்துவர்கள் மட்டும் பார்க்கட்டும். நான்காமவர் வரிசையின் தலைமாட்டில் நிற்க வேண்டும், அதைப் பற்றிச் செவிலியர் யாராவது எழுதுவார்கள். மருந்து மேசையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் எடுத்து உறையிடும் இரண்டு தன்னார்வலர்கள், மறுபக்கம் சரிபார்த்துக் கையில் கொடுக்கும் மருந்தாளுநர். எடுப்பவர் கொடுக்கக் கூடாது, கொடுப்பவர் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியை உடைத்தால் சரிபார்ப்பு என்று ஒன்று இல்லாமல் போய்விடும். முடிந்தால் இன்னொரு மருந்தாளுநரைச் சேருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முந்தின இரவே உறை போட்டு வையுங்கள். பாராசிட்டமால் 500 பத்துப் பத்தாக, செட்டிரிசின் ஐந்தைந்தாக, மெட்ஃபார்மின் 500 பதினான்கு பதினான்காக. உறை மேல் மருந்தின் மூலப்பெயர், அளவு, காலாவதி, சூரியன் நிலா படம். முகாம் நேரத்தில் கத்தரிக்கோலால் அட்டை வெட்டிக்கொண்டிருந்தால் காலாவதித் தேதி இருக்கிற முனை யாருக்குப் போனது என்றே தெரியாது.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் ஒரே வலிமையில் மட்டும் எடுத்துப் போங்கள். சந்தையில் 5 மில்லிக்கு 125 மி.கி.யும் உண்டு, 250 மி.கி.யும் உண்டு. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி., அதாவது 125 பாட்டிலில் 6 மி.லி. அதே 6 மில்லியை 250 பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் 300 மி.கி. ஒவ்வொரு வேளையும் இரட்டிப்பு. நன்கொடையாக வரும் பெட்டிகளில் இரண்டும் கலந்துதான் வரும்.

#3 கொள்ளிடம்_செவிலி

வரிசையின் தலைமாடு பற்றி. டோக்கன் கொடுக்கும் முன்பே ஒருவர் வரிசை நெடுக நடந்து பார்க்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன் என்று மட்டும் வைத்தால் மூச்சு வாங்கும் குழந்தைக்கு 140ஆம் எண் கிடைக்கும். வெள்ள முகாமில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சேற்றுப்புண், சளி, உடம்பு வலி, தீர்ந்துபோன மாத்திரை. ஆபத்தானவர் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் நான்காவது மருத்துவரின் வேலை, கூட ஒரு செவிலியர்.

உடனே உள்ளே அனுப்ப வேண்டியவர்கள்: பால் குடிக்காத, எதையும் வாங்கிக்கொள்ளாத, துவண்டு கிடக்கும் குழந்தை. நிமிட மூச்சு 2 மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் (ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள்). பெரியவர்களில் மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழ், ஆக்சிஜன் 94க்குக் கீழ், நிமிட மூச்சு 30க்கு மேல். கர்ப்பிணிக்கு 140/90க்கு மேல், அல்லது தலைவலி, கண் மங்கல். காய்ச்சலோடு மஞ்சள் கண் அல்லது சிறுநீர் குறைவு. பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தாலே போதும்.

பாம்புக்கடிக்கு முகாமில் செய்ய வேண்டியது அசையாமல் படுக்கவைத்து, கடிபட்ட கை காலை மட்டை வைத்து அசையாமல் கட்டி, மோதிரம் கொலுசு கழற்றி, 108-ல் ஏற்றுவது. இறுக்கிக் கட்டுப்போடக் கூடாது, கீறக் கூடாது. விஷமுறிவு மருந்தை முகாமில் ஏற்ற ஆசைப்படாதீர்கள். முதல் தவணையே 8 முதல் 10 குப்பி, ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் இடத்தில்தான் அதை ஏற்ற வேண்டும்.

கருவிகள்: நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி மழையில் நனைந்த நெற்றியில் குறைவாகக் காட்டும். காய்ச்சல் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவீர்கள். அக்குளில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி நான்கு, துடைக்க ஸ்பிரிட் பஞ்சு. விறைத்த விரலில் ஆக்சிஜன் அளவும் தப்பாகத்தான் வரும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் பாட்டிலைத் திறந்தபடி வைத்தால் ஈரக்காற்றில் ஸ்டிரிப் கெட்டுவிடும், ஒவ்வொரு முறையும் மூட வேண்டும். இரண்டு செவிலியர் இரண்டு பாட்டில் திறக்காதீர்கள்.

#4 ஆரம்ப_சுகாதாரம்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத் தரப்பிலிருந்து. மேசைகளுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

பெரிய சாலை ஓரத்து ஊருக்கு ஒரே நாளில் நான்கு தன்னார்வக் குழுக்கள் வருவதும், இரண்டு கி.மீ. உள்ளே இருக்கும் ஊருக்கு ஒருவர்கூடப் போகாததும் ஒவ்வொரு வெள்ளத்திலும் நடக்கிறது. சாலை ஓரத்தில் ஒரே பாட்டி நான்கு முகாமிலும் இரத்த அழுத்த மாத்திரை வாங்கி, நான்கையும் சாப்பிடுவார். மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகம், இல்லையென்றால் 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை மூலம் வட்டார மருத்துவ அலுவலரைப் பிடியுங்கள். எங்கள் நடமாடும் குழு எங்கே போகிறது என்று கேட்டு, அது போகாத ஊரைக் கேட்டு வாங்குங்கள்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியது: எல்லோருடைய பதிவுச் சான்றின் நகல் (மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர்) ஒரு கோப்பில். மருத்துவ மாணவர்கள் வந்தால் வரிசை, பதிவு, இரத்த அழுத்தம் பார்க்கலாம், சீட்டு எழுதக் கூடாது.

அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரும்தான் உங்கள் உண்மையான வழிகாட்டிகள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பவர் அவர். எந்தத் தெருவில் யாருக்கு என்ன மாத்திரை என்று அவர் பதிவேட்டில் இருக்கும். வெள்ளத்தில் சீட்டும் அட்டையும் அடித்துக்கொண்டு போன ஒருவர் "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று மட்டும் சொல்லும்போது, உங்கள் மருத்துவர் ஊகிக்க வேண்டியதில்லை, அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகள் பட்டியலும் கிராம சுகாதார செவிலியரிடம் உண்டு. அந்தப் பெண்களை மழைக்கு முன்பே சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுவந்து தங்கவைப்பது நம் மாநிலத்தில் வழக்கம். விட்டுப்போனவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகள் பட்டியலும் அப்படித்தான்.

#5 பொருநைக்கரை

நன்றி. இரண்டாவது மருந்தாளுநரைத் தேட ஆரம்பித்தாயிற்று. அடுத்த கேள்வி, எலிக்காய்ச்சல். முகாமுக்கு வரும் எல்லோருக்கும் தடுப்பு மருந்தாக டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) கொடுத்துவிடலாமா? குழுவிலேயே இரண்டு கருத்து.

#6 மணிமுத்தாறு

கொடுக்கலாம் என்பது என் கருத்து. வெள்ளத்தில் நிற்காதவர் யார்? 200 மி.கி. வாரம் ஒரு முறை, விலையும் குறைவு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்று பார்த்தோம். காய்ச்சல் வந்தபின் ஓடுவதைவிட இது மேல்.

#7 ஆரம்ப_சுகாதாரம்

மணிமுத்தாறு சார், அக்கறை புரிகிறது. ஆனால் எல்லோருக்கும் என்று சொல்வதில் மூன்று இடைஞ்சல்.

ஒன்று, ஒரு முறை கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று குழு போய்விடும். மருந்து வேலை செய்வது தண்ணீரில் இறங்கும் காலம் முழுக்க வாரா வாரம் சாப்பிட்டால்தான். 300 பேருக்கு நான்கு வாரம் என்றால் 100 மி.கி. கேப்சூல் 2,400 வேண்டும், கூடவே இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரம் கொடுக்க ஆள் வேண்டும். இருக்கிறதா?

இரண்டு, கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் டாக்ஸி கிடையாது. அவர்களுக்கு மாற்று மருத்துவர் பார்த்து எழுத வேண்டும், பெரும்பாலும் அசித்ரோமைசின். கூட்டத்தில் கைக்குக் கை வாரி வழங்கினால் அம்மா வாங்கிப்போய்ப் பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுப்பார்.

மூன்று, சாப்பிடும் முறை. வெறும் வயிற்றில், ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். சாப்பாட்டுக்குப் பின், ஒரு டம்ளர் முழுத் தண்ணீரோடு, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் ஜெல் கூடவே சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. ஒரே உறையில் டாக்ஸியும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் போட்டுக் கொடுக்கும் முகாம்கள் ஏராளம்!

ஆகவே யாருக்கு? தூய்மைப் பணியாளர்கள், மீட்புப் பணியில் இருப்பவர்கள், செத்த கால்நடைகளை அகற்றுபவர்கள், காலில் புண்ணோடு தொடர்ந்து தண்ணீரில் இறங்கும் விவசாயிகள், உங்கள் குழுவினர். இவர்களுக்குப் பெயர் எழுதி வாரா வாரம். மாவட்ட சுகாதாரத் துறை அந்த நேரத்தில் என்ன அறிவுறுத்துகிறதோ அதுதான் இறுதி.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். நோய் வெளிப்பட 2 முதல் 30 நாள், பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். முதல் மூன்று நாள் முகாமில் எலிக்காய்ச்சல் நோயாளி அநேகமாக வரமாட்டார். அவர் வரும்போது தன்னார்வலர் யாரும் இருக்கமாட்டார்கள். கொசுவும் அப்படித்தான், தேங்கிய தண்ணீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், டெங்கு அதற்கும் பின்னால். உங்கள் 14 பேரையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். ஏழு பேரை இரண்டாம், மூன்றாம் வாரத்துக்கு ஒதுக்குங்கள். இந்த இழையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

#8 மணிமுத்தாறு

வாரா வாரம் தொடர ஆள் வேண்டும் என்பது சரியான வாதம். பட்டியல் போட்டுக் கொடுப்பதையே நானும் ஆதரிக்கிறேன். அந்த இரண்டாம் வாரக் குழு கேட்க வேண்டிய கேள்வி: காய்ச்சலோடு கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது? டெங்குவும் கூடவே சுற்றும் என்பதால் காய்ச்சல் உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரூஃபன் இரண்டும் போடக் கூடாது. பாராசிட்டமால் மட்டும். "ஊசி போடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள், எல்லா மருத்துவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். ஒரு மேசையில் போட்டால் மற்ற மேசையில் மறுக்க முடியாது.

#9 மேல்நிலைத்தொட்டி

சுகாதார ஆய்வாளர் வேலை பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாத்திரை மேசையில் 14 பேரும் நிற்பதைவிட இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் வயிற்றுப்போக்கு பாதியிலேயே நிற்கும்.

மருத்துவம் சாராத இருவரை ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரோடு சேர்த்துவிடுங்கள். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண நாள் அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் அழுக்கு புகுந்திருக்கும், இந்த அளவு போதாது. எவ்வளவு கூட்டுவது என்பதைக் கடைசித் தெருக் குழாய் சொல்லும். மீதக் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. வரும் வரை கூட்ட வேண்டும்.

செய்முறை: பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசை போலக் குழையுங்கள், ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி 5 முதல் 10 நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். தொட்டியடியில் சோதித்துவிட்டு "சரி" என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. தொட்டியில் 1 இருக்கும், உடைந்த குழாய் வழியாகக் கடைசித் தெருவுக்குப் போகும்போது பூஜ்யம். திறந்து கிடந்த மூட்டையில் ஈரம் பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது, அளவு சரியாகப் போட்டும் குளோரின் வராவிட்டால் முதலில் மூட்டையைச் சந்தேகப்படுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வீணாகும், முதலில் துணியில் வடிகட்டித் தெளிய வைக்க வேண்டும்.

முகாம் மேசையில் யாராவது ஒருவர் தெருப் பெயர் பதிய வேண்டும். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் மூன்று வயிற்றுப்போக்கு வந்தால் மாலை வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே எங்களுக்குத் தகவல் தாருங்கள். மருத்துவர்கள் மூவரும் தனித்தனி மேசையில் ஆளுக்கு ஒன்று பார்த்தால், மூன்றும் ஒரே குழாய் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சேர்த்துப் பார்க்கும் ஒரே இடம் பதிவு மேசை.

#10 மாத்திரைப்பெட்டி

வயிற்றுப்போக்கு வந்ததால் ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாக்கெட் (21 கிராம் சொச்சம்) ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் (4 கிராம் சொச்சம்) 200 மில்லிக்கு. இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோகாதீர்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். பாக்கெட்டோடு ஒரு லிட்டர் காலி பாட்டிலும் கொடுங்கள், ஒருவர் அங்கேயே கரைத்துக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஜிங்க் 14 நாள், 6 மாதத்துக்கு மேல் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி. நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்துவார்கள், 14 மாத்திரையையும் எண்ணிக் கொடுங்கள்.

அடுத்து இன்சுலின். நம் நாட்டுக் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிஜ் 100 யூனிட், 100க்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. வெள்ளத்தில் சிரிஞ்ச் கிடைக்காமல் ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவார்கள். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். கார்ட்ரிஜிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. நன்கொடை கேட்கும்போதே "40 யூனிட் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்ச்" என்று சேர்த்தே கேளுங்கள். மின்சாரம் இல்லையே என்று இன்சுலினைக் கொட்டிவிட வேண்டாம், திறந்த குப்பி 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் தாங்கும். பானைத் தண்ணீரில் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் போதும். ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைந்துபோனால்தான் தூக்கி எறிய வேண்டும். டி.டி. (டெட்டனஸ்) தடுப்பூசிக்கும் இதே விதி, உறைந்தால் கெட்டது. ஐஸ் பேக்கைப் பெட்டியில் வைக்கும் முன் வெளியே வைத்து, குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருங்கள்.

நிவாரண முகாமில் சாப்பாடு நேரத்துக்கு வராது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் மூன்றையும் "தட்டு கையில் வந்தபின்" என்று சொல்லிக் கொடுங்கள். வாந்தி, பேதி உள்ளவர் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

#11 கொள்ளிடம்_செவிலி

டயாலிசிஸ் நோயாளிக்கு வாழைப்பழமும் இளநீரும் கூடாது. நிவாரணமாக முதலில் வருவது அவை இரண்டும்தான். உணவு பகிர்பவருக்கு அந்த நாலைந்து பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.

சேற்றிலும் தகரத்திலும் கிழித்த காயத்தை அன்றே தைத்து மூடக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அழுக்கை எடுத்து, திறந்தே கட்டுப்போட்டு, டி.டி. 0.5 மி.லி. போட்டு, மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். தைத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், நான்காம் நாள் சீழ். சேற்றுப்புண்ணுக்கு குளோட்ரிமசோல் களிம்பு போதும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நன்கொடையில் நிறைய வரும், அவற்றை மருந்து மேசைக்கே விடாதீர்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு படை தொடை முழுக்கப் பரவும்.

பெண்களுக்கு ஒரு தட்டி மறைவும் பெண் மருத்துவரோ செவிலியரோ இருப்பதும் கட்டாயம். கழிப்பறை இல்லாத முகாமில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், சிறுநீர்த் தொற்று அதனால் வரும். பொது வரிசையில் ஆண் தன்னார்வலர் "என்ன தொந்தரவு?" என்று உரக்கக் கேட்டால் "தலைவலி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதிவு மேசையில் பெயர், வயது, தெரு மட்டும் கேளுங்கள், நோயை உள்ளே கேட்டுக்கொள்ளலாம்.

#12 மனநலம்_மதுரை

இரண்டு கூட்டம் எப்போதும் விட்டுப்போகும். வலிப்புக்கும் மனநோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்று. அவர்களே வந்து கேட்கமாட்டார்கள். ஃபெனிடாயின், வால்புரோயேட் திடீரென நின்றால் வலிப்புத் தொடராக வரும். உங்கள் பட்டியலில் இவை இல்லையென்றால் சேருங்கள்.

மற்றவர், தினமும் குடித்துப் பழகியவர். கடை மூடி, ஊர் துண்டிக்கப்பட்டபின் 6 மணி முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, பின்பு இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாததைப் பார்ப்பது. "அதிர்ச்சியில் உளறுகிறார்" என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். இது உயிர் போகும் நிலை, மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும்.

வீட்டை இழந்தவரிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தோண்டாதீர்கள். அவரே சொன்னால் கேளுங்கள். அவருக்கு உடனே என்ன வேண்டும் என்று கேட்டு அதோடு சேர்த்துவிடுங்கள், காணாமல் போன உறவினரின் தகவலோ சான்றிதழோ தூங்க ஒரு இடமோ. பிறகு பேச 14416 என்ற மனநல உதவி எண் உண்டு.

#13 கம்பியில்லா_கடலூர்

தகவல் தொடர்பு. செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் வாட்ஸ்அப் போய்விடும், குறுஞ்செய்தி விட்டு விட்டுப் போகும். அதனால் குறுஞ்செய்தியையே அடிப்படையாக வையுங்கள். ஒரு செய்தியில் ஐந்து விஷயம் மட்டும்: நேரம், இடம், பார்த்த நோயாளிகள் எண்ணிக்கை, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் எண்ணிக்கை, தேவை. காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8. குழுவில் வெளியுலகத்தோடு பேசுபவர் ஒருவர்தான், மருத்துவர் அல்ல. இரண்டு நேரம் தொடர்ந்து செய்தி வராவிட்டால் வெளியே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படகிலோ டிராக்டரிலோ போகும்போது மருந்தை ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் இரண்டு, இரண்டிலும் எல்லா மருந்தும் பாதிப் பாதி. ஒன்று கவிழ்ந்தாலும் முகாம் நடக்கும்.

நோயாளியின் முகம் தெரியும் படங்கள் வேண்டாம். எத்தனை நல்ல நோக்கமாக இருந்தாலும்.

#14 பொருநைக்கரை

எல்லாவற்றையும் வைத்துத் திருத்திய அமைப்பு. முதல் வாரம் 8 பேர்: மருத்துவர் 2, செவிலியர் 2, மருந்தாளுநர் 1, மற்றவர் 3. இரண்டாம், மூன்றாம் வாரம்: மருத்துவர் 2, செவிலியர் 1, மருந்தாளுநர் 1 (புதியவர்), மற்றவர் 3. முதல் வாரத்தில் 200 என்பதை 80 ஆகக் குறைத்துவிட்டேன். மூன்று மற்றவர்களில் ஒருவர் பதிவு, ஒருவர் உறையிடல், ஓட்டுநர் டோக்கன். தண்ணீர்த் தொட்டிக்கு ஆள் இடிக்கிறது. ஊசிக் கழிவை என்ன செய்வது என்பதும் தெளிவாகவில்லை.

#15 மேல்நிலைத்தொட்டி

80 நல்ல எண். ஓட்டுநரை டோக்கனில் போடாதீர்கள் தம்பி. வண்டி வெளியே போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், சாவி அவரிடம் இருக்க வேண்டும், தண்ணீர் மட்டத்தை அவர் மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பாம்புக்கடி வந்து 108 வர முடியாவிட்டால் உங்கள் வண்டிதான். டோக்கனுக்கு உள்ளூர் இளைஞர் போதும், தெருப் பெயர்களும் அவருக்குத்தான் தெரியும். தொட்டிக்கும் உள்ளூர் ஆள் ஒருவரை டேங்க் ஆபரேட்டரோடு விடுங்கள், குளோரின் சோதனைப் பெட்டியை நீங்கள் கொடுங்கள்.

கழிவு: 2016 உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். ஊசி குத்தினால் துளைக்காத வெள்ளைப் பெட்டியில், மூடி திருப்பிப் போடாமல். இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து மஞ்சள் பையில். ஊசி நீக்கிய சிரிஞ்ச், குழாய் சிவப்புப் பையில். உடைந்த கண்ணாடிக் குப்பி நீலத்தில். எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், வெள்ள நீர் புதைத்ததை மேலே கொண்டுவரும். மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை எழுதி ஒப்படைக்கலாம், முன்பே பேசி வையுங்கள்.

#16 ஆரம்ப_சுகாதாரம்

செவிலியர் இருவரில் ஒருவர் வரிசையில் நிற்கட்டும், மருத்துவர் இருவரும் உட்காரட்டும். 80 பேருக்கு இது போதும்.

உங்கள் ஆட்களுக்கு: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், டி.டி., டாக்ஸி வாரம் ஒரு முறை, 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஜெனரேட்டர் வைத்தால் அறைக்குள்ளோ வராண்டாவிலோ வேண்டாம், புகை நச்சு.

கிளம்பும் நாளில் மூன்று பட்டியல் எங்களுக்கு வேண்டும். டாக்ஸி தொடங்கியவர்கள், அடுத்த தேதியோடு. நாள்பட்ட நோய் மாத்திரை கொடுத்தவர்கள், எத்தனை நாளுக்குக் கொடுத்தீர்கள் என்பதோடு. மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர்கள், போய்ச் சேர்ந்தார்களா என்பதோடு. மூன்றையும் கிராம சுகாதார செவிலியர் கையில் நேரில் கொடுங்கள், வாட்ஸ்அப் படமாக அல்ல, தெருவாரியாக எழுதிய தாளாக. மீதி மருந்தையும் அவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் இரண்டாம் வாரக் குழு வந்ததும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும்.